யோவாஸ் ராஜாவின் கதையைப் பிள்ளைகளிடம் எதுவரை சொல்வது?

ஞாயிறுடீச்சர்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். போன ஞாயிறு வகுப்பில் நன்றாக மாட்டிக்கொண்டேன். யோசனை சொல்லுங்கள்.

14 வருஷமாக ஓய்வுநாள் பள்ளியில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு எடுக்கிறேன். அன்றைய பாடம் யூதாவின் ராஜா யோவாஸ், வேதத்தில் 2 இராஜாக்கள் 11-ஆம் அதிகாரம். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த பாடம். மகன் அகசியா செத்தான் என்று கேட்டதும் பாட்டி அத்தாலியாள் ராஜவம்சத்தையே வெட்டிப்போட்டுவிட்டு யூதாவின் சிங்காசனத்தில் தானே ஏறிக்கொள்கிறாள். அத்தை யோசேபாள் ஒரே ஒரு கைக்குழந்தையை மட்டும் களவாய் எடுத்து, தாதியோடு சேர்த்து ஒளித்து வைக்கிறாள். ஆறு வருஷம் ஆலயத்துக்குள்ளேயே வளர்கிறான். ஏழு வயதில் ஆசாரியன் யோய்தா அவனை வெளியே கொண்டுவந்து, கிரீடம் வைத்து, சாட்சியின் ஆகமத்தைக் கையில் கொடுக்கிறார். ஜனங்கள் கைகொட்டி 'ராஜா வாழ்க' என்கிறார்கள். பாடப்புத்தகம் அங்கேயே முடிந்துவிடும். ஒரு மனன வசனம், வண்ணம் தீட்ட ஒரு கிரீடம், அவ்வளவுதான்.

கிரீடத்துக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்த ஒரு பையன் தலையைத் தூக்காமலே கேட்டான்: "டீச்சர், அந்த ராஜா பெரியவனானதும் நல்லவனா இருந்தானா?"

"ஆலயத்தையெல்லாம் பழுதுபார்த்தான் தம்பி" என்றேன். அதற்குள் மணி அடித்தது, தப்பித்தேன். சொன்னது பொய் இல்லை. ஆனால் 2 நாளாகமம் 24-ஐப் படித்தவர்களுக்குத் தெரியும். யோய்தா செத்த பிறகு இவன் பிரபுக்களின் பேச்சைக் கேட்டு விக்கிரகங்களின் பக்கம் போனான். கண்டித்துப் பேசிய சகரியாவை ஆலயப் பிராகாரத்திலேயே கல்லெறிந்து கொல்லச் சொன்னான். சகரியா யார்? யோய்தாவின் மகன்.

என் சொந்தக் கதையும் இதில் கொஞ்சம் கலந்திருக்கிறது. என் மூத்தவன் இதே வகுப்பில் உட்கார்ந்து இதே கிரீடத்துக்கு வண்ணம் அடித்தவன். இப்போது வெளியூரில் வேலை. கோவில் பக்கம் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதனால்தானோ என்னவோ, அந்தப் பையன் கேட்டதை விட்டுத் தள்ள முடியவில்லை.

மீதிக் கதையைச் சொல்லலாமா?

நெய்தல்கரை:

சொல்ல வேண்டாம் டீச்சரம்மா. பாலுக்கு ஒரு வயது, பலகாரத்துக்கு ஒரு வயது.

வாலிபர் கூட்டத்தில் சொல்லலாம். நான் 40 வருஷமாகக் கேட்ட பிரசங்கங்களில் யோவாசுக்கு ஒரே செய்திதான். அவன் கொடி, யோய்தா கொழுகொம்பு. கொம்பு சாய்ந்ததும் கொடியும் தரையில். தகப்பன் விசுவாசம் பிள்ளைக்குச் சொத்து மாதிரி கைமாறாது. அவனவன் தன் காலில் நிற்க வேண்டும்.

(யோவாசைப் பற்றி இன்னொரு பிரசங்கமும் உண்டு. மூடியில் துவாரம் போட்டுப் பலிபீடத்தின் வலது பக்கம் வைத்த காணிக்கைப் பெட்டி. கட்டட நிதி தொடங்கும் வருஷம் தவறாமல் வரும். அதே அதிகாரத்தில், வேலைக்காரர் உண்மையாய் நடந்தபடியால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று ஒரு வசனம் இருக்கிறது. அதை மட்டும் எங்கள் கமிட்டியில் வாசிக்க விடமாட்டேன்!)

சும்மாவந்தவன்:

ஐயா, கொடி கொழுகொம்பு உவமை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2 இராஜாக்கள் 12-ஐ நிறுத்தி வாசியுங்கள். ஆலயத்தைப் பழுதுபார்க்கச் சொன்னது யார்? ராஜா. அவன் ஆட்சியின் 23-ஆம் வருஷம் ஆகியும் ஆசாரியர்கள் பழுதுபார்க்கவே இல்லை. யோய்தாவையும் மற்ற ஆசாரியரையும் வரவழைத்து, "ஏன் பழுதுபார்க்கவில்லை, இனிமேல் பணத்தை வாங்காதீர்கள்" என்று கேட்டவன் யோவாஸ்தான். ஏழு வயதில் ராஜாவானவனுக்கு அப்போது சுமார் 30 வயது. தன்னை வளர்த்த பெரியவரிடமே கணக்குக் கேட்டிருக்கிறான். இதுவா கொடி?

எனக்கு வேறு சந்தேகம். தப்பு யோய்தா பக்கமும் இருக்கலாம். பையனுக்குக் கிரீடம் வைத்தது அவர், இரண்டு மனைவிகளைப் பார்த்துக் கட்டிவைத்தது அவர், ஆலோசனை சொன்னதும் அவர். 130 வயதுவரை வாழ்ந்தாராம். அவ்வளவு பெரிய ஆலமரத்தடியில் வேறென்ன முளைக்கும்?

வம்சவரலாறு:

130 என்றதும் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். யோவாசின் 23-ஆம் வருஷத்தில் யோய்தா உயிரோடு இருக்கிறார். யோவாஸ் ஆண்டது 40 வருஷம். அப்படியானால் முடிசூட்டு நாளில் யோய்தாவுக்குக் குறைந்தது 90, அதிகம் போனால் 107. அவர் மனைவி யோசேபாள் யோவாசின் தாத்தா யோராம் ராஜாவின் மகள், அந்த யோராமோ 40 வயதில் செத்துப்போனவன். மகளுக்கு என்ன வயது இருக்கும், நீங்களே பாருங்கள். மாமனாரைவிட மருமகனுக்கு 40 வயதுக்கு மேல் கூடுதல்!

இந்தக் குடும்பத்தில் எண்கள் எப்போதும் கொஞ்சம் நழுவும். அகசியா ராஜாவானபோது 22 வயது என்கிறது இராஜாக்கள், எபிரேய நாளாகமம் 42 என்கிறது. 42 என்றால் 40 வயதில் செத்த தகப்பனைவிடப் பிள்ளை மூத்தவன். பிரதி எடுத்தவர் கை தடுமாறியிருக்கும்.

சாமக்கோழி:

டீச்சர் அக்கா, நான் பிள்ளைகள் வார்டில் நர்ஸ். கதையில் எனக்கு வேறொரு ஆள்மேல்தான் கண்.

அந்தத் தாதி. பால்குடிப் பிள்ளையை ராத்திரியில் அழாமல் வைத்திருப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். பல் முளைக்கும், காய்ச்சல் அடிக்கும், காது வலிக்கும். ஒரே ஒரு அழுகை வெளியே கேட்டால் போதும், தாவீதின் வம்சம் முடிந்தது. 'சயனவீடு' என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருப்பதன் மூலச்சொல் 'படுக்கைகளின் அறை'தானாம், பாய் தலையணை அடுக்கி வைக்கும் அறையாகவும் இருக்கலாம் என்று ஒரு விளக்கவுரையில் படித்தேன். பஞ்சும் துணியும் குவிந்த அறை என்றால் சத்தம் வெளியே போகாது. அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

யோசேபாளுக்குப் பெயர் இருக்கிறது. பெயெர்செபா ஊர்க்காரியான தாய் சிபியாளுக்கும் பெயர் இருக்கிறது. அவள் அந்த ஆறு வருஷம் எங்கே இருந்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. தாதிக்குப் பெயரே இல்லை.

பானையோடு:

வகுப்பில் தொல்லியல் பேசும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. 'யோவாஸ் கல்வெட்டு' என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றும். ஆலயத்தைப் பழுதுபார்த்ததாக ராஜாவே எழுதியதுபோல இருக்கும் கறுப்புக் கல். 2003-ல் இஸ்ரேல் தொல்பொருள் துறை அமைத்த குழு அது போலி என்று சொன்னது. வழக்கு நடந்து 2012-ல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. 'போலி என்று நிரூபிக்கவில்லை' என்பதை 'உண்மை என்று நிரூபணமாயிற்று' என்று சிலர் திருப்பிவிட்டார்கள். எழுத்தும் மொழியும் ஆராய்கிறவர்களில் பெரும்பாலோர் இன்றைக்கும் அதை நம்புவதில்லை. அகழாய்வில் கிடைத்ததல்ல, சந்தையில் முளைத்தது. வகுப்புக்குள் விடாதீர்கள்.

நம்பிக் காட்டக்கூடியது தேல் தாண் கல். 1993, 94-ல் வட இஸ்ரேலில் அகழாய்விலேயே துண்டு துண்டாகக் கிடைத்தது. கி.மு. 9-ஆம் நூற்றாண்டு, அரமேயு மொழி. 'தாவீதின் வீடு' என்ற சொல் அதில் இருக்கிறது. எழுதியவன் சீரியா ராஜா ஆசகேல் என்றே பெரும்பாலும் கொள்கிறார்கள். இஸ்ரவேலின் யோராமையும் (இவன் வேறு யோராம்) யூதாவின் அகசியாவையும் கொன்றது தானே என்று அவன் சொல்வதாகத் தெரிகிறது. சிதைந்த பெயர்களை அப்படித்தான் நிரப்புகிறார்கள். வேதமோ கொன்றவன் இஸ்ரவேலின் படைத்தலைவன் யெகூ என்கிறது. இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பது தனிச் சண்டை, இங்கே வேண்டாம். ஆனால் பாருங்கள், யோவாசின் தகப்பனைக் கொன்றேன் என்று கல்லில் வெட்டியவன்தான் பிற்பாடு யோவாசின் காலத்தில் எருசலேமுக்கு எதிராகவும் வருகிறான். யோவாஸ் ஆலயத்துப் பொன்னையெல்லாம் அள்ளிக் கொடுத்து அவனைத் திருப்பி அனுப்புகிறான். பெட்டி வைத்துச் சேர்த்த ராஜாவே வழித்துக் கொடுக்கவும் வேண்டியதாயிற்று.

நெய்தல்கரை:

அத்தாலியாள், இஸ்ரவேல் ராஜா ஆகாபின் மனைவி யெசபேலின் மகள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். தாயைப்போல பிள்ளை, நூலைப்போல சேலை.

குறிப்பேடு:

எந்த வசனம் ஐயா? ஆகாபின் மகள் என்று ஒரு இடம், ஆகாபின் தகப்பன் உம்ரியின் மகள் என்று இன்னொரு இடம். பேத்தியையும் மகள் என்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், யெசபேல் பெற்றாள் என்று எங்கேயும் எழுதவில்லை. மேடையில் கேட்டுக் கேட்டு நமக்குப் பதிந்துவிட்டது.

நான் கத்தோலிக்கன். எங்கள் திருவிவிலியத்தில் நாளாகமத்தைக் 'குறிப்பேடு' என்போம், பெயரை அங்கிருந்து எடுத்துக்கொண்டேன். டீச்சர் கேட்டதற்கு என் பதில்: எந்தக் கதையைச் சொல்லப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வேதத்தில் யோவாஸ் கதை இரண்டு இருக்கிறது.

இராஜாக்களில் சகரியா கொலையே கிடையாது. யோய்தா போதித்த நாளெல்லாம் யோவாஸ் செம்மையாய் நடந்தான் என்று தமிழில் வாசிக்கிறோம். அந்த எபிரேய வரியை 'யோய்தா போதித்தபடியால் தன் நாளெல்லாம் செம்மையாய் நடந்தான்' என்றும் வாசிக்க இடமுண்டு, அப்படிச் செய்த மொழிபெயர்ப்புகளும் இருக்கின்றன. ஒரு சொல்லை எந்தப் பக்கம் சேர்க்கிறோம் என்பதில் ஒரு ஆளின் பாதி ஆயுசு மாறிவிடுகிறது. ஆசகேல் வருகிறான், பொன் போகிறது, ஊழியக்காரர் ராஜாவைக் கொல்கிறார்கள். ஏன் என்று இராஜாக்கள் சொல்வதில்லை.

நாளாகமம் எழுதியவருக்கு அந்த 'ஏன்' உறுத்தியிருக்கிறது. அவர்தான் யோய்தாவின் சாவு, பிரபுக்களின் வணக்கம், சகரியாவின் ரத்தம் எல்லாவற்றையும் வைக்கிறார். கல்லறையைக்கூட விடவில்லை. ஆசாரியன் யோய்தாவைத் தாவீதின் நகரத்தில் ராஜாக்களோடு அடக்கம் செய்தார்கள். ராஜாவான யோவாசை ராஜாக்களின் கல்லறையில் வைக்கவில்லை.

யூதர்களின் எபிரேய வேதாகம வரிசையில் நாளாகமம் வழக்கமாகக் கடைசிப் புத்தகம். ஆபேலின் ரத்தம் முதல் சகரியாவின் ரத்தம் வரை என்று இயேசு சொன்னது முதல் புத்தகத்தின் கொலையிலிருந்து கடைசிப் புத்தகத்தின் கொலைவரை என்று பலரும் புரிந்துகொள்வது அதனால்தான். மத்தேயு 'பரகியாவின் குமாரன் சகரியா' என்று எழுதியது தனிக் குழப்பம்.

ஞாயிறுடீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. கல்லறை விஷயத்தை இத்தனை வருஷமாகக் கவனிக்காமலே இருந்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி 2 இராஜாக்கள் 11-ஐயும் 2 நாளாகமம் 24-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து வாசித்தேன். ஒரு இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். முடிசூட்டு நாளில் அத்தாலியாள் சத்தம் கேட்டு ஆலயத்துக்கு வந்து, வஸ்திரத்தைக் கிழித்து 'துரோகம், துரோகம்' என்று கத்துகிறாள். யோய்தா என்ன சொல்கிறார்? ஆலயத்துக்குள் அவளைக் கொல்லக் கூடாது, வெளியே கொண்டுபோங்கள் என்கிறார். இத்தனை பேரைக் கொன்றவளின் ரத்தம்கூட அங்கே சிந்தக் கூடாது என்று பார்த்தார் மனிதர். குதிரைகள் அரண்மனைக்குள் போகும் வழிவரை அவளைக் கொண்டுபோய் அங்கேதான் கொல்கிறார்கள். பையன் அப்போது தலையில் கிரீடத்தோடு பக்கத்திலேயே நிற்கிறான். அவன் காதில் விழாமலா இருக்கும்? அதே ஆலயத்தின் பிராகாரத்தில், அந்த யோய்தாவின் மகனை...

யோசேபாள் பெற்ற பிள்ளைதானா சகரியா, யோவாசுக்கு மூத்தவனா இளையவனா, எதுவும் எழுதவில்லை. ஆனாலும் ஒரே முற்றத்தில் வளர்ந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

கையில் கொடுத்த ஆகமத்தை அவன் திறந்து பார்த்தானா? உபாகமம் 17-ல் ராஜாவானவன் நியாயப்பிரமாணத்தின் பிரதியைத் தனக்காக எழுதி வைத்துக்கொண்டு உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்க வேண்டும் என்று இருக்கிறது. யோவாசுக்கு அதைக் கொடுத்தார்கள். அவன் எழுதினதாகத் தெரியவில்லை. நான் என் மகனுக்கு நிறையக் கொடுத்தேன். அவனை எழுத விட்டேனா என்று ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

சும்மாவந்தவன்:

எழுதவில்லை என்றும் இல்லையே அக்கா. அந்தச் 'சாட்சி' என்ன என்பதே உறுதியில்லை. நியாயப்பிரமாணச் சுருள் என்பார்கள், உடன்படிக்கைப் பத்திரம் என்பார்கள், எழுத்துப்பிழை, அது கைவளை என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. அதன்மேல் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். வெளியூரில் வேலை பார்க்கிற பையன் கோவிலுக்குப் போகாததும் சகரியாவைக் கல்லெறிந்ததும் ஒன்றா?

சாமக்கோழி:

அதானே. முதலில் தம்பிக்கு ஒரு போன் போடுங்கள் அக்கா. வசனம் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டியா என்று மட்டும் கேளுங்கள்.

வம்சவரலாறு:

டீச்சர், நீங்கள் ஒரு அதிகாரம் முன்னால் நிறுத்துகிறீர்கள். யோவாசோடு முடித்தால் பிள்ளைகளுக்குப் பயம்தான் மிஞ்சும். இன்னும் ஒரு படி இறங்கி அமத்சியாவரை போங்கள்.

இந்த வீட்டில் நடந்த சாவுகளை எண்ணிப் பாருங்கள். யோராம் ராஜாவானதும் தன் தம்பிமார் ஆறு பேரையும் வாளால் கொன்றான். பிறகு பெலிஸ்தரும் அரபியரும் வந்து அவன் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள், கடைக்குட்டி மட்டும் மிச்சம். அந்தக் கடைக்குட்டி அகசியாவை யெகூ கொன்றான், அவன் இனத்தாரில் 42 பேரையும் சேர்த்து. மீதியை அத்தாலியாள் முடித்தாள். மூன்று தலைமுறைக்குள் நாலு தடவை. தாவீதுக்கு ஒரு விளக்கு எப்போதும் இருக்கும் என்று 2 இராஜாக்கள் 8-ல் சொன்ன வாக்கு, அந்தப் பாய் அடுக்கும் அறையில் ஒரு தாதியின் மடியில்தான் எரிந்துகொண்டிருந்தது.

ராஜாவானால் எதிரியின் பிள்ளையை விட்டுவைக்கக் கூடாது என்பதுதான் அன்றைய வழக்கம். யோவாஸ் உயிர் பிழைத்ததால் அத்தாலியாளுக்கு என்ன ஆனது என்று எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இப்போது யோவாசைப் படுக்கையிலேயே கொன்றுவிட்டார்கள். மகன் அமத்சியா 25 வயதில் ராஜாவாகிறான். ராஜ்யம் கையில் நிலைத்ததும் தகப்பனைக் கொன்றவர்களைக் கொன்றான். அவர்களுடைய பிள்ளைகளைக் கொல்லவில்லை. காரணத்தை வேதமே எழுதியிருக்கிறது: பிதாக்களுக்காகப் பிள்ளைகளைக் கொல்லக் கூடாது என்று மோசேயின் நியாயப்பிரமாண புஸ்தகத்தில் இருக்கிறது, அதனால். உபாகமம் 24:16.

தகப்பன் கையில் கொடுத்தது எதுவாக இருந்தாலும் சரி, மகன் அந்தப் புத்தகத்தில் ஒரு வரிக்குக் கீழ்ப்படிந்தான். அந்த ஒரு வரியால் சில வீட்டுப் பிள்ளைகள் உயிரோடு படுத்துத் தூங்கின. விசுவாசம் பரம்பரையாக வருமா வராதா என்று சண்டை போடுகிறோமே, அது எங்கே அறுந்து எங்கே முளைக்கிறது என்று யாருக்குத் தெரியும்? யோய்தாவின் உழைப்பு யோவாசோடு வீணாகப் போனது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சும்மாவந்தவன்:

நல்ல இடம்தான். ஆனால் அதே அமத்சியா ஏதோமியரோடு யுத்தம் பண்ணி, பிடிபட்ட 10,000 பேரைக் கன்மலை உச்சியிலிருந்து தள்ளிவிட்டதை அடுத்த ஞாயிறு எந்தப் பையன் கேட்கப் போகிறானோ. போதாததற்கு ஏதோமியரின் தெய்வங்களையே கொண்டுவந்து கும்பிட்டான்.

வம்சவரலாறு:

ஆமாம், மறுக்கவில்லை. 'உத்தம இருதயத்தோடே அல்ல' என்று நாளாகமமே அவனுக்கு மார்க் குறைத்துவிட்டது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மத்தேயு முதல் அதிகாரத்தில், இயேசுவின் வம்ச வரிசையில், யோராம் உசியாவைப் பெற்றான் என்று ஒரே தாவாகத் தாவிவிடுகிறார். நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா மூன்று பேரும் இல்லை. தலைமுறைகளைப் பதினாலு பதினாலாக அடுக்குவதற்காக விட்டார் என்பார்கள், ஆகாப் வீட்டுச் சம்பந்தத்துக்குத் தண்டனை என்பார்கள்.

நெய்தல்கரை:

உறவே வேண்டாம் என்று பெயரை அழிப்பது நம் ஊர்ப் பத்திரிகை அடிப்பிலும் உண்டு. விடுங்கள். டீச்சரம்மா, என் முதல் பதிலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சொல்லுங்கள், ஆனால் கல்லெறிந்ததை விவரிக்காதீர்கள்.

ஞாயிறுடீச்சர்:

சொல்லிவிட்டேன். இன்று காலை.

பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, முடிசூட்டு நாளில் ஆரம்பித்தேன். ஓய்வுநாளில் முறை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டிய காவலர்களையும் யோய்தா அனுப்பாமல் வைத்துக்கொண்டார், வேலைக்கு வந்தவர்கள், முடித்தவர்கள் இரண்டு கூட்டமும் சேர்ந்ததால் யாருக்கும் சந்தேகம் வராமல் காவல் இரட்டிப்பாயிற்று என்றதும் பையன்களுக்குக் கண் விரிந்தது. ஆலயத்தில் இருந்த தாவீதின் ஈட்டிகளை எடுத்துக் கொடுத்தார் என்றதும் இன்னும் விரிந்தது. பிறகு மெதுவாக 24-க்கு வந்தேன். சகரியா சாகும்போது 'கர்த்தர் அதைப் பார்ப்பார், அதைக் கேட்பார்' என்று சொன்னதோடு நிறுத்தினேன். அமத்சியாவையும் சொன்னேன். 10,000 பேரைச் சொல்லவில்லை, சும்மாவந்தவன் தம்பி மன்னிக்கவும்.

போன வாரம் கேட்ட பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அவனுடைய பழைய படம் மேசை மேலே கிடந்தது. மஞ்சள் கிரீடத்தைச் சுரண்டி அழித்துவிடுவானோ என்று பார்த்தேன். செய்யவில்லை. ஓரத்தில் வெள்ளையாக விட்டிருந்த இடத்தில் ஒரு பெண்ணையும் அவள் மடியில் ஒரு குழந்தையையும் பென்சிலால் கோடு கோடாகப் போட்டான். சாமக்கோழி சிஸ்டர் எழுதியதை நான் வகுப்பில் சொல்லியிருந்தேன்.

"டீச்சர், சகரியாவைக் கொன்னப்ப இவங்க உயிரோட இருந்தாங்களா?"

"எழுதலை தம்பி" என்றேன்.

"இருந்தா, ராஜாகிட்டப் போய் என்ன சொல்லிருப்பாங்க?"

அதற்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் மூத்தவனுக்குப் போன் போட்டேன். சாப்பிட்டியா என்றுதான் கேட்டேன். புளிக்குழம்பு வைத்தானாம், உப்பு கூடிப்போச்சாம். இருபது நிமிஷம் பேசினோம்.